பட்டாபட்டிப் பையில் எடைக்கல்

நூல் யாவாரத்தில் லிங்கசாமிக்கு ஒரே கொள்கைதான். சரக்கில் பழுது இருந்தாலும் வாங்குகிறவன் கேட்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. நுரையீரலில் புற்றுநோய் வந்தபோதும் கொள்கையை அவர் விடவில்லை.

கீமோவும் கொடுத்து, கரண்டு என்று ஊரார் சொல்லும் கதிர்வீச்சும் வைத்தார்கள். முடி கொட்டியது. "சீப்புக்கு இனி வேலையில்ல" என்று சிரித்தார். அப்புறம்தான் நெஞ்சுக்குள் எரிச்சல் ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தாலே தணலை விழுங்கினது மாதிரி. மனைவி பெரியாத்தாள் தட்டு வைத்தால், "பசியில்ல புள்ள" என்று தள்ளி வைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் வாராவாரம் எடை பார்ப்பார்கள். இளைத்தது தெரிந்தால் வைத்தியத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். ஒரு பனியனில் ஓட்டை கண்டால் மொத்த ஆர்டரும் கேன்சலாகிற ஊரில் வேறென்ன தோன்றும்? ஈர நூலை எடை போட்டு விற்பவனைச் சந்தி சிரிக்க வைத்த மனிதர், வேட்டிக்குள்ளே பட்டாபட்டி டிராயர் பையில் இரண்டு கிலோ எடைக்கல்லைப் போட்டுக்கொண்டு மெஷினில் ஏறினார்.

"எடை குறையலீங்கய்யா, சந்தோஷம்" என்றார் டாக்டர் கீதாஞ்சலி.

"ஏனுங்க," என்றாள் கூட வந்திருந்த பெரியாத்தாள், "பட்டாபட்டிப் பையில இருக்கறதையும் எடுத்து டாக்டர் அம்மிணிகிட்டக் குடுத்துருங்க."

லிங்கசாமிக்கு முகம் செத்துப்போனது. "உனக்கெப்படித் தெரியும்?"

"துவைக்கறப்ப பை பிஞ்சு கெடந்துச்சு. போன வாரம் நாந்தான் ரெட்டைத் தையல் போட்டு வெச்சேன். நடுரோட்டுல கல்லு விழுந்து உங்க மானம் போகோணுமா? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கல் மேஜைமேல் 'டங்' என்று உட்கார்ந்தது.

"சொன்னா நிறுத்திருவீங்கன்னு நெனச்சனுங்க அம்மிணி."

"கரண்டு பட்டு உணவுக்குழாய் புண்ணாயிருக்குதுங்கய்யா. பலபேருக்கு வர்றதுதான், மருந்திருக்கு. சொல்லாம இளைச்சாத்தான் நிறுத்தி வைக்க வேண்டி வரும். அதுவுமில்லாம, உங்க எடையைப் பாத்துத்தானே கீமோ அளவு போடறோம்? இத்தனை நாளும் கல்லுக்கும் சேர்த்துல்ல மருந்து ஏத்தியிருக்கோம்!"

தப்பு எடையில் தன்னையே ஏமாற்றிக்கொண்ட முதல் யாவாரி தானாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

வீடு வந்ததும் பெரியாத்தாள் எரிச்சலை மரத்துப்போகச் செய்கிற மருந்தைக் குடிக்க வைத்து, குழையக் கரைத்து ஆறவைத்த பால்சோற்றோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வாய் இறங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது பெரியா." இத்தனை நாளில் முதல் தடவையாகச் சொன்னார்.

அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். "இன்னும் அஞ்சு கரண்டி."

"ரெண்டு."

"நாலு."

பேரத்தில் எவனுக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தார்.