தங்கமாயன் பழம் சாப்பிட்டார்

பழத்துக்கு மாறிய மூன்றாம் நாள் காலையில் தங்கமாயன் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தேக்குக் கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலாக மாறியது. கால்களில் சக்கரம் முளைத்தது. தலைமாட்டில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பி வந்து நின்றது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் மதுரையில் நல்லா இருக்கிறவன் கறி தின்பான், பழம் தின்கிறவன் நோயாளி. கட்டிலுக்கே தெரிகிற சங்கதி இது.

பழம் தின்னச் சொன்னது டாக்டர்தான். "எடை ரொம்ப ஜாஸ்தி. இருதயம் தாங்காது. தட்டுல பாதிக்குக் காய்கறி வைங்க. இடையில பசிச்சா பழம். இல்லேன்னா உங்க வீட்டம்மா தனியா இருந்து பழகிக்க வேண்டியதுதான்" என்றார்.

திரும்பி வரும்போது பூரணம் ஆட்டோவில் அழுதாள். ஆட்டோக்காரரும் சேர்ந்து அழுதார். "உங்கள விட்டா எனக்கு யாருங்க இருக்கா?" என்றாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. தங்கமாயன் உருகிப்போனார். இவளுக்காகவாவது உயிரோடு இருக்க வேண்டும், இனிமேல் கறிதோசைக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

முதலில் வந்தது பூரணத்தின் அண்ணன் சோணைமுத்து. கையில் ஆப்பிள், சாத்துக்குடிப் பை.

"என்ன மாப்ள, இப்பிடி எளைச்சுட்டீக?"

"எளைக்கத்தான் மச்சான் பழம் சாப்பிடுறேன்."

"பழம் சாப்பிடுற அளவுக்கா ஆகிப்போச்சு!"

பையை வைத்துவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு போனார். வீணாக்கக் கூடாதே என்று தங்கமாயன் அந்தப் பழங்களைச் சாப்பிட்டார். இன்னும் இளைத்தார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பழத்தோடு வந்தார்கள். அதையும் சாப்பிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர் மெலிய மெலியப் பைகள் பெருத்தன.

ஒவ்வொரு பைக்கும் கூடம் ஒரு கெஜம் நீண்டது. பைகளை வைக்க இடம் வேண்டுமல்லவா. வாரக் கடைசியில் அது ஒரு வார்டாகிவிட்டது. டெட்டால் வாசம் வந்தது. சமையலறை கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அங்கே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதிலேயே அவர் இன்னொரு கிலோ இறங்கினார்.

சமையலறை வாசலில் ஒரு நர்ஸம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் பூரணத்தை வார்டுக்குள் விட்டார். சொந்த வீட்டில் சொந்தப் புருசனைப் பார்க்க அவள் வரிசையில் நின்றாள்.

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றார் தங்கமாயன்.

"அப்பிடிச் சொல்றவங்களத்தான் ஐசியூல போடுறது."

"எனக்கு என்ன வியாதி?"

"பழம்."

"எப்பக் குணமாகும்?"

"சோறு இறங்கினா."

உண்மையில் அவருக்கு அப்படி ஒரு சுகம். மூச்சு வாங்கவில்லை. முழங்கால் முனகவில்லை. வெள்ளரிக்காயைக் கடித்தால் அந்தச் சத்தமே சந்தோஷமாக இருந்தது. எல்லோருக்கும் காட்டிவிடலாம் என்று மொட்டைமாடிப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். கீழே நின்ற சோணைமுத்து ஓவென்று அழுதார்.

"அணையப்போற வெளக்கு அப்பிடித்தாம்மா பிரகாசமா எரியும்."

டாக்டர் சொன்ன எடைக்கு முள் வந்து நின்ற அன்று காலை, தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய போட்டோ. மோவாய்க்குக் கீழே இன்னொரு மோவாய் இருந்த காலத்தது. தங்கமாயன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

"யோவ், நான்தான்யா அது!"

பசை வாளிக்காரர் போஸ்டரைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"அந்தண்ணன் வாட்டசாட்டமா இருப்பாருங்க. நீங்க தம்பி முறையா?"

நல்லதுக்குக் காலமில்லை என்பது சும்மாவா!

அவர் வீடு திரும்புவதற்குள் பதினாறாம் நாள் வந்துவிட்டது. வாசலில் பந்தல். கூடத்தில் மாலை போட்ட படம். அதற்கு முன்னால் தலைவாழை இலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். சீரகச்சம்பா பிரியாணி, மட்டன் சுக்கா, குடல் குழம்பு, பரோட்டா அடுக்கு. படத்தில் இருந்தவர் திருப்தியாகத் தெரிந்தார்.

ஓரத்தில் பூரணம் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ வைத்துவிட்டிருந்தார்கள். கடைசியாக வைக்கிற பூ. சோணைமுத்து கோடிச் சேலையோடு நின்றார். தாலியை வாங்கிக்கொள்ள ஒரு கிண்ணத்தில் பாலும் தயார்.

தங்கமாயன் கூடத்துக்குள் ஓடினார். "பூரணம்! நான் உசுரோட இருக்கேன்டி! உனக்காகத்தானே இம்புட்டும்!"

"எனக்குத் தெரியுதுங்க" என்றாள் பூரணம் மெதுவாக. "இவுகளுக்குத் தெரிய மாட்டேங்குது. ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க. என் தாலிக்காக."

அவளுக்காக விட்டதை அவளுக்காகவே தொட வேண்டியதாயிற்று. படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கவளம் பிரியாணியை வாயில் வைத்தார்.

கூடமே எழுந்து நின்றது.

"உசுரு வந்துருச்சு!" என்று சோணைமுத்து கத்தினார். குலவைச் சத்தம் கேட்டது. பால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாவது கவளத்துக்கு வார்டு சுருங்கி வீடானது. மூன்றாவதுக்குச் சமையலறை பக்கத்தில் வந்து நின்றது. நர்ஸம்மா ஸ்டூலை மடக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பினார். அங்கே யாரோ பப்பாளி வாங்கியிருந்தார்களாம்.

"நிறுத்திராதீக மாப்ள! நிறுத்தினா மறுபடி போயிருவீக!"

ஆளுக்கொரு பக்கமாக ஊட்டினார்கள். வாய்க்கு வாய் அவர் பெருத்தார். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. மோவாய்க்குக் கீழே மோவாய் வந்தது. மாலை போட்ட படத்தை எடுத்து உள்ளே வைத்தார்கள். பூரணம் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, வாய்விட்டு, வெட்கமில்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்று தங்கமாயனுக்குத் தோன்றியது.

அப்போது இடது பக்க நெஞ்சில் சுருக்கென்றது. தோளுக்கு ஏறி, கை வழியாக இறங்கியது. வேர்த்துக் கொட்டியது.

"மச்சான், நெஞ்சு வலிக்குது."

"கேஸு மாப்ள" என்றார் சோணைமுத்து. "ரொம்ப நாள் காய்ஞ்ச வயிறுல்ல. இன்னும் ரெண்டு வாய் உள்ள போனா தானா அமுங்கிரும்."

பூரணம் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, இலையில் சுக்காவை அள்ளி வைத்தாள்.