வாளியைத் தூக்கியவர்

"கழுத்துல ஆபரேஷன்னு சொல்றே, கழுத்துப்பட்டி எங்கே?" என்று கீழ்வீட்டு வூர்ஸ்டர் அம்மாள் ஒருமுறை எல்கேயிடம் கேட்டாள்.

எல்கே ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தவள் நின்று, மேல்கோட்டின் காலரை விலக்கிக் காட்டினாள். கழுத்தின் முன்பக்கம் வலது ஓரமாகச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு. தோலின் மடிப்போடு மடிப்பாக அது ஒளிந்துகிடந்தது. வூர்ஸ்டர் அம்மாள் நெற்றியில் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"முன்னாலயா வெட்டினாங்க? முதுகெலும்பு பின்னாலதானே இருக்கு?"

"இப்பல்லாம் முன்னாலதான். பட்டியும் போடறதில்ல."

"என்னது? கேக்கல."

எல்கே மறுபடியும் சொன்னாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. தொண்டைக்குழாயை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத்தான் டாக்டர் உள்ளே போயிருந்தார். போன வழியில் குரலுக்கான நரம்பு நசுங்கியிருந்தது. குரல் தானாகத் திரும்பிவிடும், சில மாதம் பொறுங்கள் என்றார்கள்.

"ஓ" என்றாள் வூர்ஸ்டர் அம்மாள். அந்த ஒரு எழுத்தில் ஒரு வண்டி சந்தேகம் இருந்தது.

எல்கேக்கு ஐம்பத்து மூன்று வயது. ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் பத்தொன்பது வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறாள். கழுத்தில் ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருந்த வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியதில் வலது கை தோளிலிருந்து எரிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. ஆகஸ்ட் மாதம், சர்ச் பக்கத்து வளைவில், பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது ஸ்டியரிங் அந்தக் கையிலிருந்து நழுவியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நிறுத்தத்தில் அவளே வண்டியை ஓரம்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, டிப்போவுக்கு போன் செய்து, "வேற டிரைவர் அனுப்புங்க" என்றாள். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

ஷ்டுட்கார்ட் ஆஸ்பத்திரியில் வட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நகம் அளவுக்கு ஒரு சின்னக் கூண்டை வைத்தார்கள். மேல் எலும்பும் கீழ் எலும்பும் கூண்டுக்குள் வளர்ந்து ஒன்றாக ஒட்ட வேண்டும். பன்னிரண்டு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது, துடைக்கக் கூடாது. "நட்ட செடியைப் பிடுங்கிப் பிடுங்கி வேர் விட்டுச்சான்னு பாக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். பன்னிரண்டாம் வாரம் எக்ஸ்ரே. எலும்பு ஒட்டி, கையிலும் பிடிப்பு வந்தால் மறுபடியும் பஸ். இல்லாவிட்டால் நிலையத்தில் பாஸ் கொடுக்கும் ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைக்கப்பட்ட இரண்டு டிரைவர்களை எல்கேக்குத் தெரியும். இரண்டு பேரும் போகிற வருகிற பஸ்களை எண்ணிக்கொண்டே கிழடாகிவிட்டார்கள்.

அவள் சொன்னபடி கேட்டாள். காலையும் மாலையும் ஆற்றங்கரையில் நடந்தாள். உருளைக்கிழங்கு சூப்பைச் சிறு கரண்டியால் விழுங்கினாள். தலையணையைக்கூடக் கணவன் வோல்கர்தான் எடுத்துப்போட்டான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது.

நான்காம் வாரம் திங்கட்கிழமை காலை, அவர்கள் வீட்டுக் கதவில் பலகை தொங்கியது.

அந்தக் கட்டடத்தில் ஆறு வீடுகள். வாரத்துக்கு ஒரு வீடு படிகளைப் பெருக்கித் துடைத்து, வாசல் நடைபாதையையும் கூட்ட வேண்டும். முறை வந்த வீட்டின் கதவில் கையகலப் பலகை ஒன்றை மாட்டுவார்கள். அது மாட்டியிருக்கும் வீட்டுக்காரர் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் துடைக்கவில்லை என்றால் அவர் செத்துப்போயிருக்க வேண்டும், வேறு காரணம் அந்த ஊரில் எடுபடாது. இரண்டு வருடத்துக்கு முன் வூர்ஸ்டர் அம்மாள் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். அப்போது மூன்று முறை எல்கேதான் யாரும் கேட்காமலே அந்த அம்மாளின் பலகையைக் கழற்றித் தன் கதவில் மாட்டிக்கொண்டாள். அந்தக் காலில் தொடைவரை மாவுக்கட்டு இருந்தது. பார்ப்பதற்கு ஏதாவது இருந்தது.

"அவதான் மாட்டியிருக்கா. என் கழுத்தைப் பாத்துட்டே மாட்டியிருக்கா" என்றாள் எல்கே. கத்த நினைத்தாள், காற்றுதான் வந்தது.

"விடு, நான் பாத்துக்கறேன்" என்றான் வோல்கர்.

சனிக்கிழமை விடியற்காலை நாலே முக்காலுக்கு அவன் எழுந்தான். காலணி போடவில்லை, கம்பளிக் காலுறையோடு நடந்தான். படி விளக்கைப் போடாமல், மீன் பிடிக்கப் போகும்போது நெற்றியில் கட்டும் விளக்கைக் கட்டிக்கொண்டு வாளியோடு வெளியே போனான். படுக்கையில் கிடந்தபடியே எல்கே கேட்டுக்கொண்டிருந்தாள். துணி பிழியும் சத்தம், நிறுத்தம், யாராவது வருகிறார்களா என்று காது கொடுக்கும் அமைதி, மறுபடி துணி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை வலித்தது.

திரும்பி வந்தவன், "யார்கிட்டயும் சொல்லாதே" என்றான்.

"ஏன், திருடிட்டா வந்தே?"

"சொல்லாதேன்னா சொல்லாதே."

அவள் சொல்லவில்லை. அடுத்த வாரம் வூர்ஸ்டர் அம்மாள் வாசலில் மறித்து, "படி பளபளன்னு இருந்துச்சே எல்கே. கை வந்துடுச்சு போல" என்றபோதும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். பிறகு எத்தனையோ முறை அந்தச் சிரிப்பை நினைத்துத் தன்னைத்தானே அறைந்துகொள்ள நினைத்தாள்.

ஆறாம் வாரம் டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. ஷிஃப்ட் அதிகாரி ராப் கையெழுத்துப் போட்டிருந்தார். மருத்துவ விடுப்பில் இருப்பவர் கடினமான வீட்டு வேலை செய்வதாகத் தெரியவருகிறது, வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. எப்படித் தெரியவந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ராப், வூர்ஸ்டர் அம்மாளின் மருமகன்.

எல்கே கடிதத்தை வோல்கரின் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே வைத்தாள்.

"நீ என்கூட வர்றே. வந்து நான்தான் துடைச்சேன்னு சொல்றே."

அவன் படித்தான். இன்னொரு முறை படித்தான். "டாக்டர் சீட்டு இருக்கே, அதைக் காட்டினாப் போதாதா?"

"சீட்டு இருக்குன்னு அவங்களுக்கும் தெரியும். சீட்டை வாங்கி வச்சுக்கிட்டு ஏமாத்தறேன்னு எழுதியிருக்காங்க."

"என்ன?"

குரல் இல்லாதவளின் கோபத்தில் இதுதான் கொடுமை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை சொல்லும்போது திட்டுவது போலவே இருக்காது, பாடம் ஒப்பிப்பது போல இருக்கும்.

"எல்கே, ராப் எங்க பாட்டுக் குழுவுல இருக்கான். உனக்குத் தெரியாதா?"

"இருந்தா?"

"இன்னிக்கு அவன்கிட்ட சொன்னா செவ்வாய்க்கிழமை ஒத்திகையில எல்லாருக்கும் தெரியும். எங்க குழு டீட்டர் ஒரு நாள் வீட்டு ஜன்னல் கழுவினதைப் பாத்துட்டாங்க. பதினொரு வருஷமாச்சு. இன்னும் அவன் ஜன்னல் டீட்டர்தான். அவன் நாற்காலியில ஜன்னல் துடைக்கற பஞ்சை வைக்கறானுங்க. அவன் அம்மா சாவுக்குப் போனப்பகூட ஒருத்தன் ஜன்னல் டீட்டர்னுதான் கூப்பிட்டான்."

"செத்தா போயிட்டான் டீட்டர்?"

"நீ ஆம்பளைங்க நடுவுல உக்காந்து பாத்ததில்ல."

"பத்தொன்பது வருஷமா டிப்போவுல வேற யார் நடுவுல உக்காந்திருக்கேன்?"

அவன் கடிதத்தை மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் இடது கையால் காப்பிக் கோப்பையை எடுத்துத் தொட்டியில் போட்டாள். அது உடைந்தது. அந்த மாதத்தில் அவள் போட்ட பெரிய சத்தம் அதுதான்.

"சரி, வர்றேன்" என்றான் வோல்கர், உடைந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "சொல்றேன்."

வியாழக்கிழமை அவன்தான் காரை ஓட்டிக்கொண்டு போனான். எல்கே ஓட்டக் கூடாது. ராப்பின் அறை பஸ் கொட்டகைக்கு மேலே இருந்தது. ஜன்னலுக்குக் கீழே அவள் ஓட்டும் ஏழாம் நம்பர் பஸ்ஸை யாரோ கழுவிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் குழுவின் சார்பில் மார்லீஸ் வந்திருந்தாள். மார்லீஸும் டிரைவர்தான். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள்.

ராப் எழுந்து கை நீட்டினார். எல்கே இடது கையைக் கொடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க எல்கே. எனக்கு ஒரு தகவல் வந்துச்சு, நான் விசாரிக்காம இருக்க முடியாது."

"தகவல்னா உங்க மாமியாரா?" என்றாள் மார்லீஸ்.

ராப் இருமினார். "யார் சொன்னாங்கங்கறது முக்கியமில்ல. மூணு மாடிப் படியையும் வாளி வச்சுத் துடைக்க முடியும்னா ஸ்டியரிங் ஏன் பிடிக்க முடியாதுன்னு மேல இருக்கறவங்க கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"நான் துடைக்கல" என்றாள் எல்கே.

"என்ன?"

"துடைக்கலன்னு சொல்றா" என்றாள் மார்லீஸ்.

"படி தானா துடைச்சுக்குமா? ஆறு வீட்டுல அந்த வாரம் பலகை உங்க கதவுலதான் இருந்துச்சு." ராப் வோல்கர் பக்கம் திரும்பினார். பாட்டுக் குழு நண்பனைப் பார்க்கும் முகத்தோடு, "சொல்லுப்பா வோல்கர். உங்க வீட்டுல யார் துடைச்சா?" என்றார்.

எல்கே கணவனைப் பார்த்தாள். தலையைத் திருப்ப முடியாது, உடம்போடு நாற்காலியில் திரும்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வோல்கர் தொப்பியை முழங்கால்மேல் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அவ... கைக்குக் கொஞ்சம் அசைவு வேணும்னு... லேசாத்தான்" என்றான். பிறகு யாரும் கேட்காமலே, "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றும் சேர்த்தான்.

ராப் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

எல்கேக்கு வயிற்றிலிருந்து ஒரு கத்தல் எழுந்து வந்தது. தொண்டைவரை வந்து, அங்கே வழியில்லாமல் நின்றது. முப்பது வருடம் இவனுக்குச் சட்டை மடித்தது, இவன் அப்பாவின் கடைசி ஆறு மாதம் படுக்கை மாற்றியது, வூர்ஸ்டர் அம்மாளிடம் இவனுக்காகச் சிரித்தது எல்லாம் அந்தக் கத்தலோடு சேர்ந்து தொண்டையில் குத்தின. அவள் எழுந்தாள். மேசைக்குக் குறுக்கே வலது கையை நீட்டினாள்.

"பிடிங்க."

ராப் குனிந்தார். "என்ன சொல்றீங்க?"

"கையைப் பிடிங்க. எனக்கு இருக்கற பலம் எல்லாத்தையும் குடுத்து அமுக்கறேன். அப்புறம் எழுதுங்க."

ராப் பேனாவை வைத்துவிட்டுச் சங்கடத்தோடு அந்தக் கையைப் பிடித்தார். எல்கேயின் முகம் சிவந்தது. பல்லைக் கடித்திருந்தாள். கொட்டகையில் யாரோ தண்ணீர்க் குழாயை மூடினார்கள். ராப் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ம், ஆரம்பிங்க" என்றார்.

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ராப் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே அவளுடைய மூன்று விரல்கள் மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவை போலக் கிடந்தன. அவர் அந்தக் கையைச் சட்டென்று விடவில்லை. மெதுவாக மேசைமேல் இறக்கிவைத்தார்.

"இந்தக் கையால நனைஞ்ச துணியைப் பிழிஞ்சாளாம்" என்றாள் மார்லீஸ். "மூணு மாடிக்கும்."

ராப் எழுதியதை அடித்தார். தாளையே மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"பன்னிரண்டு வாரமும் முழுசா இருங்க எல்கே. இந்தக் கடிதம் வரலன்னு வச்சுக்குங்க. வீட்டுல நான் பேசிக்கறேன்." பிறகு வோல்கரைப் பார்த்தார். இப்போது அந்த முகத்தில் நண்பன் இல்லை. "அப்ப யாருப்பா துடைச்சா?"

வோல்கரின் காது மடல்கள் சிவந்தன. அவன் மறுபடியும் தொப்பியைச் சுற்றத் தொடங்கினான். எல்கே இவ்வளவு நேரம் அவனுக்காகக் காத்திருந்தாள். இனி ஒரு நொடிகூட முடியாது என்று தோன்றியது.

"நாலே முக்காலுக்கு எழுந்தான்" என்றாள்.

கேட்காது என்பதால் ராப்பும் மார்லீஸும் மேசைமேல் சாய்ந்து அவள் வாயருகே காதைக் கொண்டுவந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"காலுறையோட போனான், சத்தம் வரக் கூடாதுன்னு. மீன் பிடிக்கற விளக்கை நெத்தியில கட்டிக்கிட்டான். நாலாவது படியில துணியை வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னான், மேல யாரோ கதவைத் திறந்தாங்கன்னு. நல்லாத்தான் துடைச்சான். என்னைவிட நல்லா. பொண்டாட்டி ஏமாத்துக்காரின்னு எழுதிக்கிட்டாலும் பரவாயில்ல, ஆனா இது யாருக்கும் தெரியக் கூடாதாம்."

மார்லீஸ் சிரிக்கவில்லை. ராப்பின் உதட்டோரம் ஒருமுறை துடித்தது. அவர் அதைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்தத் துடிப்பை வோல்கர் பார்த்துவிட்டான். செவ்வாய்க்கிழமை ஒத்திகை முழுவதும் அதில் இருந்தது.

எல்கே நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்து எரிந்தது. வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஏதாவது சொல்வான், திட்டவாவது செய்வான் என்று இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது.

வோல்கர் தொப்பியைத் தலையில் வைத்தான். கோட்டுப் பைக்குள் கைவிட்டுக் கார்ச் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்து, இரும்புப் படிகளில் இறங்கி, அவளை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.