வைஸில் இருந்த வேலை

முன்னறையில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். பின்னால் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொல்ல அவள் விறுவிறுவென்று நடந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அழுகையை விட்டுவிட்டு மெஷின் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். "போய் உன் கொழுந்தனை நிறுத்தச் சொல்லு. நாலு பேர் சிரிக்கப் போறாங்க" என்று அக்காதான் அவளை எழுப்பி அனுப்பினாள். நாலு பேரும் இன்னும் சிரிக்கவில்லை. ஆனால் அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

காலையில் பட்டறைக்குக் கிளம்பிய பெரியவர் ஒரு காலில் ஷூவை மாட்டினார். இன்னொன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து, இதயம் என்றார். வாசலில் நின்று கேட்ட சின்னவர் உள்ளே வரவில்லை. நேரே பட்டறைக்குப் போய் மெஷினைப் போட்டுவிட்டார்.

பெரியவர், சின்னவர் என்றுதான் அந்தத் தெருவில் அவள் கணவருக்கும் அவர் தம்பிக்கும் பெயர். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மில்லிங் மெஷின். மேலே கட்டர் சுற்றும். கீழே வைஸ் இறுக்கிப் பிடித்த இரும்பு, மேஜையோடு நகர்ந்து வந்து வெட்டுப்படும். கட்டர் சுற்றுவதற்கு எதிராக இரும்பைத் தள்ள வேண்டும் என்பது பெரியவர் கட்சி. அது சுற்றுகிற போக்கிலேயே விட்டால் வெட்டிய முகம் பளபளவென்று வரும் என்பது சின்னவர் கட்சி. புது மெஷினாக இருந்தால் சின்னவர் சொன்னதும் நடந்திருக்கும். இதுவோ கிழட்டு மெஷின், மேஜையை நகர்த்தும் ஸ்க்ரூவில் ஏகப்பட்ட ஆட்டம். அண்ணன் டீ குடிக்க உட்கார்ந்த ஒரு நாள் தம்பி தன் வழியில் விட்டுப் பார்த்தார். கட்டர் இரும்பை லபக்கென்று உள்ளே இழுத்து, தானும் உடைந்து, ஒரு துண்டு பறந்து வந்து அண்ணன் கையிலிருந்த டீ கிளாஸைப் பதம் பார்த்தது. அண்ணனுக்குக் கீறல்கூட இல்லை. பேச்சுதான் நின்றுபோனது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூது வேலை. ஒரே மெஷினுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் அவள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் அவள் வாயால் வந்தால்தான் செல்லும். "அந்த வெட்டத் தெரியாத கழுதையை ஃபீடைக் குறைக்கச் சொல்லு" என்பார் பெரியவர். "கொஞ்சம் நிதானமா ஓட்டச் சொல்றார், தம்பி" என்பாள் அவள். கழுதையைக் காதால் கேட்ட சின்னவரும் நிதானத்தையே ஏற்றுக்கொண்டு ஃபீடைக் குறைப்பார். இப்படியே காலம் ஓடிவிட்டது.

பட்டறையில் கட்டர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. வைஸில், முகம் பாதி வெட்டிய இரும்புக் கட்டை. நேற்று சாயங்காலம் கரண்ட் போனதால் பெரியவர் பாதியில் விட்டது. சின்னவர் மேஜையின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"வைஸ்ல வேலையை வச்சுட்டு அவர் எங்கயும் கிளம்ப மாட்டார், அண்ணி" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அது உண்மைதான். கல்யாணத்தன்றுகூட வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார். மாப்பிள்ளையின் காதோரம் ஒட்டியிருந்த இரும்புச் சுருள் கல்யாண போட்டோவில் இன்றும் மின்னுகிறது.

"கேட்டுச் சொல்லுங்க. மிச்சத்தை எந்தப் பக்கமா வெட்டட்டும்?"

பழக்கம் யாரை விட்டது? அவள் முன்னறை வரைக்கும் போனாள். பெரியவர் பக்கத்தில் குனிந்து நின்றாள். என்ன தேடுகிறாய் என்று அக்கா கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வந்து, "உங்க இஷ்டம்னு சொல்றார்" என்றாள்.

சின்னவர் யோசித்தார். "அவர் வாயில அந்த வார்த்தை வராது, அண்ணி."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாக அவள் சொன்ன பொய்யையெல்லாம் ஏற்றுக்கொண்ட மனிதர், இன்றைக்குப் பார்த்துக் கணக்காகக் கேட்கிறார். மயானத்துக்கு எடுத்துப்போக வண்டி வருவதற்குள் இவர் தன் வாயால் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இல்லாவிட்டால் இவ்வளவு நாள் நடுவில் நின்றதற்கு என்ன அர்த்தம்?

"இனிமே தூது கிடையாது, தம்பி. என்ன சொல்லணுமோ நீங்களே வந்து சொல்லுங்க."

முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டர் இரும்பைத் தொடும் சத்தம் கேட்டது. அது எந்தப் பக்கம் வெட்டுகிறது என்பது அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். முனகி முனகிக் கேட்டது. பெரியவர் பக்கம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த சில நிமிஷங்களுக்கு அவள் கணவர் பட்டறையில்தான் இருந்தார்.

மெஷின் நின்றது. வண்டியும் வந்து நின்றது. டிரைவர் உள்ளே வந்து ஓரமாக நின்றான். சின்னவர் எண்ணெய்க் கையோடு, கட்டையைத் துணியில் ஏந்திக்கொண்டு வந்தார். பழக்கதோஷத்தில் அவளைப் பார்த்தார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணே" என்றார். குரல் துருப்பிடித்த மாதிரி வந்தது. "உங்க பக்கமாவே வெட்டிட்டேன். நீங்க விட்ட இடத்துல ஒரு கோடு விழுந்துடுச்சு."

சொல்லிவிட்டு நின்றார். நகரவில்லை. கட்டையை நீட்டியபடி, திட்டு வாங்க வந்தவர் வாங்காமல் போகமாட்டேன் என்பதுபோல் நின்றார். அவளால் பார்க்க முடியவில்லை.

"வெட்டத் தெரியாத கழுதைன்னு சொல்றார், தம்பி" என்றாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவர் தலையை ஆட்டினார். "ஆமா, அதான் சொல்வார்" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவளுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

டிரைவர் தயங்கித் தயங்கி அவளிடம், "எடுத்துடலாமாம்மா?" என்றான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சின்னவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணி, எடுத்துடலாமான்னு கேக்கிறார்."

"சரின்னு சொல்லுங்க, தம்பி."

"சரியாம்" என்றார் சின்னவர், இரண்டடி தள்ளி நின்ற டிரைவரிடம்.