முதல் தடவையே வேலை செய்த சர்க்யூட்

வீட்டில் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர். வைத்தவள் மனைவி. அதில் கிண்டல் இருப்பது அவருக்கு மட்டும் தெரியாது. வாரமெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசைதான் ஆராய்ச்சிக்கூடம். அழைப்பு மணி செய்தார், அடிக்கவில்லை. எலிவிரட்டி செய்தார், எலி அதன்மேல் படுத்துத் தூங்கியது.

இந்த ஞாயிறு லேசர். காயலான் கடையில், உடைந்த ஏதோ கருவியிலிருந்து கழற்றிய லேசர் டயோடு பித்தளைக் குழாயும் லென்ஸுமாகக் கிடைத்தது. என்ன நிறம் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. லேசர் என்றால் சிவப்புதானே?

"டயோடுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது. கரண்ட்டைக் குடிச்சுக் குடிச்சே செத்துப்போகும். அளந்து ஊத்தறதுக்குத்தான் இந்த டிரைவர் சர்க்யூட்" என்று போனைப் பார்த்து உரையாற்றினார். படம் பிடித்தவன் மனைவியின் தம்பி. உலகம் பார்க்க வேண்டுமாம்.

மூன்று கால் ரெகுலேட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான்.

"பேட்டரி ஏது மாமா?"

"மீட்டர்லேர்ந்து கழட்டினேன்."

"அப்ப கரண்ட்டை எதை வெச்சு அளப்பீங்க?"

"கணக்குப் போட்டவனுக்கு மீட்டர் எதுக்குடா?"

சுவிட்சைப் போட்டார். சுவரில் வெளிச்சப் புள்ளி ஒன்றும் விழவில்லை.

"என்னங்க, எலியைக் கூப்பிடவா? படுக்கை ரெடியா?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் கைபட்டது ஓடாது என்பது வீட்டில் முடிந்துபோன விஷயம். அதை அவரே மனதுக்குள் ஒப்புக்கொண்டிருந்தார் போலும். சுவிட்சை அணைக்காமலேயே குழாயைத் திருப்பி இடது கண்ணருகே கொண்டுபோனார்.

"உள்ளே மங்கலா ஒரு செம்பொட்டு தெரியுது. பேட்டரி வீக்."

இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, குழாயை வலது கண் பக்கம் மாற்றினார்.

போன் திரையில் அவர் வலது கன்னத்தில் ஓர் ஊதா வட்டம் எரிந்தது. மச்சினன் நிமிர்ந்து நேரில் பார்த்தான். கன்னத்தில் ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தான். வட்டம் கன்னத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"மாமா, எரியுது! ரிமோட்ல வர்ற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்!"

பாய்ந்து கம்பியைப் பிடுங்கினான். பேட்டரி தரையில் உருண்டது.

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். இடது கண்ணில் பட்டுவிட்டது என்று தம்பி சொன்னதும், அவர் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள்.

"என்னைப் பாருங்க. என்ன தெரியுது?"

"முடி தெரியுது. காது தெரியுது. கம்மல்கூடத் தெரியுது."

"முகம்?"

அவர் தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

"கொஞ்சம் நகராம நில்லேன்."

"நான் நகரலைங்க."

கண் மருத்துவமனையில் இருட்டறை. டாக்டர் கருவியிலிருந்து முகத்தை எடுக்க வெகுநேரம் ஆனது.

"விழித்திரை நடுவுலயே சுட்டிருக்கு. இந்த டயோடை இவ்வளவு சரியா ஓட்டியிருக்கே, யார் பண்ணின சர்க்யூட்?"

வாழ்நாளெல்லாம் அவர் காத்திருந்த கேள்வி. மச்சினன் போனைப் பைக்குள் தள்ளினான்.

"கடையில வாங்கினது டாக்டர்" என்றார் விஞ்ஞானி.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கண்ணைத் தானே பொத்திக்கொண்டு, அவள் காதுகளுக்கு நடுவில் எதையோ அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.