ஏழு என்றால் இடப்பக்கம்

அந்த வருஷம் மினசோட்டாவில் நார்வேக்காரர் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி முதல் இரண்டு ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வியது. அப்புறம்தான் கேப்டன் சிகுர்டுக்கு ஒரு யோசனை வந்தது. பந்தை அணைத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்பதை எண் சொல்லித்தானே கூவுகிறோம், அதை நம் வீட்டுப் பேச்சான நார்வே மொழியிலேயே கூவினால் என்ன? ஒற்றைப்படை இடம், இரட்டைப்படை வலம். எதிராளிகள் முழித்தார்கள். வரிசையாக மூன்று வெற்றி.

நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் தள்ளிவிடுகிறவன் ஹால்வோர். இருபத்துநாலு வயசு, கலப்பை பிடித்துக் காய்த்த கை. அறுவடை முடிந்து தாமதமாகத்தான் படிக்க வந்தான். அதிலும் அப்பா தொர்கெயிர் ஒரு பருவத்துக்குத்தான் விட்டிருந்தார். கடைசி ஆட்டத்தைத் தானே வந்து பார்த்துவிட்டு, மேலே படிப்பா, மாட்டுக்கொட்டிலா என்று சொல்வதாகப் பேச்சு. அவரை எப்படியாவது மசிய வைக்க வேண்டுமென்று, ஆட்டத்தின் சூட்சுமத்தையெல்லாம் ஹால்வோர் நாலு பக்கக் கடிதமாக எழுதிப் போட்டிருந்தான்.

நவம்பர் கடைசியில், நன்றி நாள் பண்டிகையன்று அந்தக் கடைசி ஆட்டம். சிகுர்டு எதைக் கூவினாலும் எதிராளிகள் முன்கூட்டியே அந்தப் பக்கம் நகர்ந்து நின்றார்கள். இடைவேளைக்குள் அவர்கள் ஐந்து புள்ளி எடுத்தாயிற்று, இவர்கள் கணக்கில் ஒன்றுமில்லை.

ஹால்வோர் கோட்டுக்கு அப்பால் பார்த்தான். காற்று அடிக்காத பக்கமாகப் பார்த்து, எதிராளி ஊர்க்காரர்கள் நடுவில் அப்பா நின்றிருந்தார். கையில் அவர்கள் கொடுத்த காப்பி. சிகுர்டு ஒற்றைப்படை எண்ணைக் கூவியதும் அவர் கை பெருமையாக இடப்பக்கம் நீண்டது, சுற்றியிருந்தவர்கள் இடப்பக்கம் என்று தங்கள் அணிக்குக் கத்தினார்கள்.

தன் கடிதம்தான் அங்கே வேலை செய்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அப்பாவிடம் போய் நிறுத்தச் சொன்னால் அத்தனை பேர் முன்னால் அவருக்கு அவமானம். அடுத்த ரயிலிலேயே கொட்டிலுக்கு இழுத்துப் போய்விடுவார். சொல்லாவிட்டால் ஆட்டம் போச்சு. சிகுர்டிடம் உண்மையைக் கக்கினான்.

சிகுர்டு கோட்டுக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். "உங்கப்பாவுக்கு நீதான் பாடம் எடுத்தியா?"

"ஆமாண்டா. லெட்டர்ல."

"நல்ல வாத்தியார்தான். சரி, அவரை ஒண்ணும் சொல்லாத. இனிமே ஏழுன்னா வலப்பக்கம்."

அடுத்த பாதியில் சிகுர்டு ஏழு என்று கூவினான். தொர்கெயிரின் கை இடப்பக்கம் நீண்டது, எதிராளி அணி மொத்தமும் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் காலி மைதானம். ஓடினவன் கோட்டைத் தாண்டி உட்கார்ந்தே விட்டான். அதற்கு அந்நாள் கணக்கில் ஐந்து புள்ளி, பிறகு பந்தைக் கம்பத்துக்கு மேலாக உதைத்த உதைக்கு ஒன்று. அதற்குப் பிறகு தொர்கெயிருக்கு யாரும் காப்பி ஊற்றவில்லை. ஆட்டம் ஆறுக்கு ஐந்தில் முடிந்தது.

சேறு வழிய ஹால்வோர் அப்பா முன் போய் நின்றான். அவர் முகம் சிவந்திருந்தது.

"ஏண்டா, எழுதினது நீதானே? ஏழுன்னா இடப்பக்கம்னு?"

"நான்தாம்ப்பா."

"கடைசில ஒரு தடவையாவது அந்தப் பக்கம் ஓடினீங்களா? நல்ல மனுஷங்கடா அவங்க. அவங்க முன்னால என்னைப் பொய்யனாக்கிட்டீங்க."

ஹால்வோர் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டான்.

தொர்கெயிர் கையுறையை மாட்டிக்கொண்டார். "இடது வலது தெரியாதவனை வச்சுக்கிட்டு நான் எப்படிடா ஏர் ஓட்டுறது? இன்னும் ஒரு வருஷம் இங்கயே கிட. ஒழுங்காக் கத்துக்கிட்டு வா."