பதினெட்டு நிமிடப் பதிவு

பதினொரு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. ஹாலிஃபாக்ஸ் நகரில் எங்கள் மகப்பேறு மருத்துவமனையில், பிறந்ததும் மூச்சு விடத் திணறும் குழந்தையை மேசையில் கிடத்தினால் மேலே ஒரு கேமரா ஓடும். அதில் விழுவது குழந்தையும், வேலை செய்யும் கைகளும் மட்டும். மூச்சுக்கு முகமூடி வைக்க எத்தனை விநாடி, தொண்டையில் குழாய் போட எத்தனை விநாடி என்று நான் பார்த்து எழுத வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று நேரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் கைகள் வேகமாகுமா என்பதுதான் ஆய்வு. ஆகும் என்றுதான் தோன்றுகிறது. எனக்குத்தான் முதுகு விட்டுப்போய்விட்டது.

அவசரத்தில், பதிவை ஆய்வில் சேர்க்கப் பெற்றவர்களிடம் அனுமதி கேட்க முடியாது. பிறகுதான் கேட்போம். குழந்தை பிழைக்காவிட்டாலும் கேட்டே ஆக வேண்டும். அந்தக் காகிதத்தோடு கட்டிலருகே போய் நிற்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

ஜனெல் பெட்டிபாஸின் பையன் இருபத்துநாலு வாரத்தில் பிறந்தான். ஒன்றரை மணி நேரம் இருந்தான். அவள் அப்போது மயக்க மருந்தில் கிடந்தாள். புருஷன் லென்னி சிங்கி இறால் படகில், நடுக்கடலில். இருவரும் மூச்சடங்கிய பிள்ளையைத்தான் பார்த்தார்கள். தையலில் சீழ் வைத்து, ஏழாம் நாளும் அவள் வார்டிலேயே இருந்தாள். அன்றுதான் காகிதத்தோடு போனேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க அந்தப் பதிவைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. நாலு தடவை."

"எப்படி இருந்தான்?"

வாயைத் திறந்தேன். ஐம்பத்திரண்டாவது விநாடியில் முகமூடி, நாலாவது நிமிடத்தில் குழாய். வேறொன்றும் வரவில்லை. நாலு தடவை பார்த்தும் அந்தப் பிள்ளையை நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"எனக்குக் காட்டுங்களேன். ஒரே ஒரு தடவை."

விதிப்படி அந்தப் பதினெட்டு நிமிடப் பதிவை ஏழு நாளில் அழித்துவிட வேண்டும். அன்று மாலை நாலு மணிதான் கெடு. ஆய்வை நடத்தும் டாக்டர் ஃபாக்னரிடம் போய்க் கேட்டேன்.

"முடியாது நோரீன். வெளியாளுக்குக் காட்ட மாட்டோம்னு நர்ஸுங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கோம். மீறினா நாளைக்கே கேமரா மேல கோட்டைக் கழட்டித் தொங்கவிட்டுருவாங்க. அப்புறம் நீயும் நானும் இறால் பிடிக்கப் போக வேண்டியதுதான்."

"அவ கேக்கறது நர்ஸுங்க கையை இல்ல டாக்டர்."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "பாத்ததைச் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லலையே."

நேரம் குறிக்கும் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்தாவது தடவை பார்த்தேன். சூடு போகாமலிருக்க அவனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்தது. நர்ஸ் உள்ளே தள்ளி மூடினாள். மறுபடி உதைத்து நீட்டினான். படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'பை விலகல், மூன்று முறை, பதினாறு விநாடி வீண்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

மூன்றரைக்கு ஜனெலிடம் போனேன்.

"கண்ணு இன்னும் திறக்கற வயசில்லம்மா. ஆனா மூட மூட உதைச்சுக் காலை வெளிய நீட்டினான். மூணு தடவை. நர்ஸ் அலுத்துப்போயிட்டா."

"கொழுப்பைப் பாரு!" என்று சிரித்தாள். சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. உடனே போனை எடுத்தாள். "லென்னி, இவங்க சொல்றதைக் கேளு."

அவன் படகுத்துறையில் இருந்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"எந்தக் கால்?" என்றான் கடைசியில்.

"இடது."

இயந்திரச் சத்தம் தள்ளிப் போனது; அவன் விலகி நடந்திருக்க வேண்டும்.

"எனக்கும் அதேதான். போர்வைக்கு வெளிய அந்தக் கால் கிடக்கலேன்னா தூக்கமே வராது. இவ திட்டுவா," என்றான். பிறகு, "இன்னொரு தடவை சொல்றீங்களா?"

பதிவை அழிக்க வேண்டிய நாலு மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. அடிக்கட்டும் என்று முதலிலிருந்து சொன்னேன்.