நிற்காத வண்டி

ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்திலிருந்து திரும்பும் வழியில் நடந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது சரியா என்று எழுதிப் பார்த்தாலாவது தெரியுமோ என்று தோன்றுகிறது. அதனால் முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

என் அக்கா தபீதாள் மத்தியப் படை ஒன்றில் சப்-இன்ஸ்பெக்டர். உள்நாட்டுப் போர் நடக்கும் ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்கு அமைதிப்படையோடு போய், அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் பெண்கள் அணி ஒன்றுக்குத் தலைவியாக இருந்துவிட்டு, விடுமுறையில் சேலையூர் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அடுத்த அணியோடு மறுபடியும் போக அவள் பெயர் வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

வந்த முதல் வாரமே அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுக்கிறோம். சில நேரம் இடுப்பில் கைவைத்துச் சுவரோடு ஒட்டி நிற்பாள். கேட்டால் பிடிப்பு என்பாள். ஒரு நாள் குளிர் காய்ச்சல் வந்து உதறியது. அன்று என் மாலை வகுப்பை விட்டுவிட்டு, அவளைக் குரோம்பேட்டைக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனேன். வலது சிறுநீரகத்தில் கற்கள் இருக்கின்றன, பலமுறை கிருமி தொற்றி அதில் ஒரு பகுதி சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். சிறுநீரை நாள் முழுக்க அடக்கிவைக்கிற மாதிரி வேலையா என்று கேட்டார். அக்கா ஸ்கேன் உறையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். இன்னொரு தடவை அப்படி ஒரு வருஷம் இருந்தால் அந்தச் சிறுநீரகத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் அவர்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் சொல்லக் கூடாது. படையின் பரிசோதனையில் ஸ்கேன் எடுப்பதில்லையாம். நாமாகச் சொன்னால்தான் தெரியுமாம். தெரிந்தால் அவளை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள். நான் தலையாட்டினேன். ஆனால் பரிசோதனைக்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். எதையும் நாள் குறித்துச் செய்தால்தான் எனக்குச் செய்ய வரும். ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று குறித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மாலைதான் ஸ்நேகா வீட்டு ஸ்தோத்திரக் கூட்டம். ஸ்நேகா பீர்க்கன்கரணைப் பெண், என்னைவிடச் சின்னவள், அதே படையில் கான்ஸ்டபிள். அக்கா போகும் அதே அணிக்கு அவளும் தேர்வாகியிருந்தாள். அதற்கு நன்றி சொல்லி ஜெபிக்க மேடவாக்கத்தில் அவளுடைய அத்தையின் ஃபிளாட்டில் கூட்டம். அக்காதான் சிறப்பு விருந்தினர்.

பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்து அக்காவுக்குச் சால்வை போட்டார்கள். குழந்தைகள் சிங்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். வண்டலூர் ஜூவில் பார்த்ததோடு சரி என்றாள். ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, சண்டை நடக்கிற ஊரில் பெண்பிள்ளைகளுக்கு என்ன வேலை, சமையலா என்றார்.

“சமையலுக்கு ஆம்பளைங்க இருந்தாங்க அங்கிள். சுமாராத்தான் பண்ணுவாங்க,” என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் தன் வேலையைச் சொன்னாள். அரிசி லாரிகளுக்குக் காவலாகப் போவது, கிராமங்களில் பெண்களிடம் பேசி என்ன நடந்தது என்று கேட்டு வருவது, ராணுவம் மாதிரி உடுத்தியவர்களைக் கண்டாலே ஓடுகிற குழந்தைகளைப் பழக்குவது. கடைசியில், முதல் மாதத்துக்குப் பிறகு தன் பெண்களால் ஒரு தடவைகூட வாகன வரிசை வழியில் நின்றதில்லை என்றாள். அதற்குத்தான் அதிகக் கைதட்டல் வந்தது. ஸ்நேகா கைதட்டிக்கொண்டே இருந்தாள்.

எல்லோருக்கும் ரோஸ் மில்க் கொடுத்தார்கள். அக்கா தன் டம்ளரைத் தொடவில்லை. வெளியே கிளம்பும் நாட்களில் அவள் எதுவும் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் ஸ்நேகாவும் தன் டம்ளரைத் தொடாமல் வைத்திருந்தது எனக்கு விநோதமாக இருந்தது.

ஸ்நேகாவின் அண்ணன் ஸ்டெபின் டாக்சி ஓட்டுகிறான். எங்களைச் சேலையூரில் இறக்கிவிட்டு ஸ்நேகாவோடு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அக்கா முன்னால், நானும் ஸ்நேகாவும் பின்னால். வேங்கைவாசல் தாண்டி, சந்தோசபுரம் தாண்டியதும் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் ஒரு தண்ணீர் லாரி அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே சாய்ந்து நிற்பதாக முன்னாலிருந்து தகவல் வந்தது. வலப்பக்கம் தடுப்புச் சுவர். இடப்பக்கம் பள்ளம். பின்னால் மாநகரப் பேருந்து. கொஞ்ச நேரத்தில் ஸ்டெபின் ஏசியை நிறுத்திவிட்டான்.

“இன்னாக்கா, ஆப்பிரிக்காவுல இந்த மாறி டிராபிக்லாம் கீதா?” என்றான்.

“இருக்குப்பா. ஆனா அங்க யாரும் ஹார்ன் அடிக்கமாட்டாங்க. அடிச்சா சுடுவாங்க.”

“செம ரூல்க்கா. இங்கயும் கொண்டாரணும்.”

கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் புழுக்கம். ஸ்நேகாவின் உதடு வெடித்திருந்தது. என் பையில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் வைத்திருந்தேன், அக்கா எப்போதாவது கேட்பாளோ என்று. அதை எடுத்து ஸ்நேகாவிடம் நீட்டினேன்.

“வேணாங்க்கா. பிராக்டிஸ்ல இருக்கேன்,” என்றாள்.

என்ன பிராக்டிஸ் என்று கேட்டேன். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லையாம். ரோந்துக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும், காலையில் உப்பில்லாத ரொட்டி, நாக்கு வறண்டால் ஒரு புளிப்பு மிட்டாய், அவ்வளவுதான், மறுநாள் இருட்டுகிறவரை வண்டியில் உட்கார்ந்திருக்கலாம் என்று விளக்கினாள். பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிப்பது போல இருந்தது.

“அதுக்குப் பேரே தபி மேடம் டெக்னிக்தான்,” என்றாள். அண்ணன் இருப்பது நினைவு வந்ததோ என்னவோ, சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

அக்கா திரும்பாமலே கேட்டாள்.

“யாரு சொல்லிக்குடுத்தா?”

“ஜோவிதா மேடம்.”

ஜோவிதா அக்காவுக்கு அடுத்த நிலையில் இருந்தவள். அக்கா போகாவிட்டால் அந்த இடத்துக்கு வரப்போகிறவளும் அவள்தான். அக்கா முன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி ஸ்நேகாவைப் பார்த்தாள்.

“அந்த பாட்டில வாங்கிக் குடி,” என்றாள்.

“மேடம், இன்னும் கொஞ்ச நேரம்தான், நான் தாங்கிடுவேன்…”

“குடி.”

அது வீட்டில் நான் கேட்காத குரல். ஸ்நேகா பாட்டிலை வாங்கிப் பாதிக்கு மேல் குடித்தாள். அக்கா கையைப் பின்னால் நீட்டி மீதியை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

லாரி நகரவில்லை. பேருந்தில் இருந்தவர்கள் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். தெருவிளக்குகள் எரிந்தன. ஸ்டெபின் யாரோ மச்சானுக்குப் போன் செய்து தன் நிலைமையைப் புலம்பிக்கொண்டிருந்தான். நான் என் ராத்திரிப் பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். முதல் வாக்கியத்தை எப்படி அமைப்பது என்பதிலேயே நின்றுவிட்டேன். ஸ்நேகா பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பதை அக்காதான் முதலில் கவனித்தாள். முன் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

“போகணுமா?”

“இல்ல மேடம்.”

ஸ்நேகாவின் கால் கட்டைவிரல்கள் செருப்பை அழுத்திக்கொண்டிருந்தன. மேலுதட்டில் வியர்வை. ஒரு கை இருக்கையின் விளிம்பைப் பற்றியிருந்தது. அக்கா திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள்.

“சொல்லு. போகணுமா?”

“இல்ல மேடம். பரவால்ல.”

அவள் ஒருபோதும் சொல்லப் போவதில்லை என்று எனக்கே புரிந்தது. அக்கா முன்னால் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்பட்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

“தம்பி, போன வை. எனக்கு ஒண்ணுக்குப் போகணும்,” என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் ஓர் ஆண் முன்னால் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் காது சுட்டது. ஸ்டெபின் வெளியே பார்த்தபடி, லாரியை இதோ எடுத்துவிடுவார்கள், கேம்ப் ரோடு போய்விட்டால் நல்ல ஓட்டல் இருக்கிறது என்று முணுமுணுத்தான்.

“எனக்கு இப்பப் போகணும். நாங்க இறங்குறோம். ஸ்நேகா, வா எங்கூட.”

வண்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து, பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டினோம். டைல்ஸ் கடை மூடியிருந்தது. பரோட்டாக் கடையில் பெண்களுக்கு வசதியில்லை என்றார்கள். அடுத்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட். காவலாளி எந்த ஃபிளாட் என்று கேட்டார்.

“எந்த ஃபிளாட்டும் இல்லண்ணா. பொண்ணுங்க பாத்ரூம் போகணும்.”

அசோசியேஷனில் திட்டுவார்கள் என்று அவர் இழுத்தார். அக்கா அசையவில்லை, கெஞ்சவும் இல்லை. கேட்டதையே அதே குரலில் மறுபடியும் கேட்டாள். அவர் ஜெனரேட்டருக்குப் பின்னால் தாங்கள் பயன்படுத்தும் கழிப்பறையைக் காட்டினார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஸ்நேகா உள்ளே போனதும் அக்கா கதவில் முதுகை வைத்து, கால்களை அகட்டி, கேட்டைப் பார்த்தபடி நின்றாள். அதன் பிறகு அக்கா போனாள். நான் நின்றேன்.

அவள் வெளியே வந்ததும் ஸ்நேகா மெதுவாகக் கேட்டாள்.

“அங்க கேட் எதுவும் இருக்காதே மேடம். யார்கிட்டப் போய்க் கேக்குறது?”

ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்று அக்கா சொன்னாள். எனக்கும் அதுவரை தெரியாத கதை அது. தார்ச்சாலையை விட்டு ஓர் அடி விலகக் கூடாது. ஓரமெல்லாம் கண்ணிவெடி. வண்டி ஓர் இரும்புப் பெட்டி, உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. ஆண்கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓரமாகத் திரும்பிக்கொள்வார்கள். முதல் மாதம் ஜோவிதா தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள். வரிசை முழுவதும் நின்றது. எதற்காக நின்றது என்று எல்லா வண்டிகளுக்கும் கேட்கும்படி வயர்லெஸ்ஸில் ஒருவர் கேட்டார், இன்னொருவர் பதில் சொன்னார், யாரோ சிரித்தார்கள். ஜோவிதா தார்ச்சாலையிலேயே இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுந்தாள். அன்றைக்குத்தான் அக்கா அந்தத் தண்ணீர் விதியைப் போட்டாள்.

“அப்புறம் ஒரு தடவைகூட வண்டி நிக்கல. பெரிய ஆபீசரே கூப்பிட்டுப் பாராட்டினாரு. அத வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். இன்னைக்கு மைக்லயும் சொன்னேன்.”

“நிறுத்தினா, பொண்ணுங்களாலதான் லேட்டுன்னு கேம்ப்லயே உக்கார வச்சிருவாங்களே மேடம்.”

“வைக்கத்தான் பாப்பாங்க,” என்றாள் அக்கா. பிறகு, “நீ என் வண்டியில ஏறு. உனக்குன்னு சொல்லமாட்டேன், எனக்குன்னு சொல்லி நிறுத்துறேன். தினமும் நிறுத்துறேன். எவன் வேணா சிரிக்கட்டும்,” என்றாள்.

ஸ்நேகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சரிக்கா என்றாள். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். இவளுக்கு ஒரு சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது, இவள் உன்னோடு வரக் கூடாது என்று. அவர்கள் பின்னால் நடந்து காருக்குத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தோம். அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கூடத்துக்குப் போகப் பார்த்தபோது, என் முகத்திலேயே தெரிந்துவிட்டதோ என்னவோ, அக்கா கட்டிலில் இருந்தபடியே, சொல்லத்தான் போகிறாயா என்றாள். டாக்டர் சொன்னதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். தனக்கும் அது நினைவிருக்கிறது என்றாள்.

“அந்த ரூல நான்தான் போட்டேன், கிறிஸ்டி. நான் போகலன்னா ஜோவிதாதான் முன்சீட்ல உக்காருவா. அவ செத்தாலும் வண்டிய நிறுத்தமாட்டா.”

“நீ போனா உனக்கு என்ன ஆகும்?”

“நிறுத்தினா எனக்கும் நல்லதுதானே. குடிக்கலாம், இறங்கலாம்.” அதை அவளே முழுதாக நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. “அம்மாகிட்ட சொல்லணும்னா சொல்லு. நான் தடுக்கமாட்டேன். ஆனா ஸ்நேகாகிட்டயும் நீயே சொல்லிடு, நான் வரலன்னு.”

டிவியில் விளம்பரம் ஓடியது. நான் கதவருகே நின்றுகொண்டே இருந்தேன். சொன்னால் அக்கா இங்கே ஒரு மேசைக்குப் பின்னால் அடைபடுவாள், அந்தப் பெண் அங்கே அந்தப் பெட்டிக்குள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். சொல்லாவிட்டால் அக்காவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருப்பாள். தினமும் நிறுத்த அவளை விடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. மூன்றாவது வழி ஒன்று இருக்க வேண்டும் என்று யோசித்தேன். என் புத்திக்கு எட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா பரிசோதனையில் தேறிவிட்டாள். அப்பா இனிப்பு வாங்கி வந்தார். நேற்று மாலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். அக்கா ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போகிறாளே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. தண்ணி நிறைய குடிக்கிறா, அதான்,” என்றேன்.

“அது நல்லதுதானே,” என்றாள் அம்மா. அடுத்த துணியை எடுத்து உதறினாள்.